பொருள்: திரையின் மேலும் கீழும் விழும் கறுப்புக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கானாடுகாத்தானிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் அம்மான் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த பழைய படங்களை, வளவின் இரண்டாங்கட்டு அறையில் அடுக்கிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த வீடியோ கேசட்டுகள், கொஞ்சம் லேசர் டிஸ்க், மற்றவை டிவிடி. 1940களிலிருந்து 1960களின் நடு வரை வந்த தமிழ், ஆங்கிலப் படங்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு பத்திக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. அகலத்திரைப் படத்தை வெட்டாமல் டிவியில் காட்டினால் மேலும் கீழும் கறுப்பாக விழுமே, ஆங்கிலத்தில் லெட்டர்பாக்ஸ் என்பார்கள். 'தபால்பெட்டி' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகத்துப் பெண், "உங்கள் அம்மான் கடிதங்களும் சேர்த்திருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டார்.

தேவகோட்டையிலிருந்து:
அவர் கேட்டது சரிதான். வெள்ளைக்காரர் வீட்டுக் கதவில் கடிதம் போடக் கிடையாக ஒரு வாய் வெட்டியிருக்கும்; உவமை அங்கே பிறந்தது. பர்மாத் தேக்குக் கதவில் அப்படி ஓட்டை போட நம் பக்கத்தில் எந்த வீட்டு ஐயா விட்டிருப்பார்? என் முன்மொழிவு 'கருங்கரை'. ஆற்றுக்குக் கரை, புடவைக்குக் கரை, படத்துக்கும் கரை. கருமையோடு கரை சேர்ந்தால் ஈறு போய் இனம் மிகும். கருங்கடலுக்கு உள்ள அதே நன்னூல் விதி. இலக்கணத்தில் குறை காண முடியாது.

புதுவயலிலிருந்து:
ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. நான் வீடியோ கடை வைத்திருந்தவன். என்னிடம் வந்தவர்கள் 'கறுப்பு வராத கேசட்டாகக் கொடுங்கள்' என்றுதான் கேட்டார்கள். அந்தக் கால டிவியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. சினிமாஸ்கோப் படம் 2.35:1. முழுப் படத்தையும் காட்டினால் திரையின் உயரத்தில் நூற்றுக்கு 43 பங்கு கறுப்பாகவே கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய டிவியில் பாதியைக் காணோம் என்று சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பயந்து கேசட் போட்டவர்கள் பக்கங்களை வெட்டிவிட்டு, யார் பேசுகிறாரோ அவர் பக்கமாகப் படத்தை நகர்த்தி நகர்த்திப் பதிந்தார்கள். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவரும், இன்னொருவருடைய மூக்கும் தெரியும். பேசாமல் 'கறுப்புப் பட்டை' என்று போடுங்கள். எல்லாருக்கும் விளங்கும்.

தேவகோட்டையிலிருந்து:
கறுப்புப் பட்டை கராத்தே மாணவர் இடுப்பில் கட்டுவது.

டொராண்டோவிலிருந்து (ஊர் யாழ்ப்பாணம்):
கருங்கரைக்கு இரண்டு தடைகள். எழுதுகிறவர் கை தவறினால் கருங்கறை. படத்தில் ஏதோ அழுக்கு என்று வாசிப்பவர் நினைப்பார். அடுத்தது, படத்தொகுப்பில் ஒரு காட்சி இன்னொன்றுக்குள் மறைவதைக் கரைதல் என்கிறோம். ஒரே துறையில் இரண்டு கரை வேண்டாம். இன்னொன்றும் கேட்கிறேன்: பட்டியலில் 'டிவிடி' என்று விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? நாங்கள் குறுந்தகட்டை இறுவட்டு என்று எழுதிப் பழகிவிட்டோமே.

தேவகோட்டையிலிருந்து:
இறுவட்டு எனக்கு ஒப்புதல் இல்லை. இறுதல் என்றால் முறிதல். முறிந்த வட்டை யார் வாங்குவார்? (இறுகிய வட்டு என்று விளக்கம் வரும் என்று தெரியும். அதைத் தனி இழையில் பேசலாம்.) கரைக்கு வருகிறேன். காக்கை கரவா கரைந்துண்ணும் என்ற குறளில் கரைதல் அழைத்தல். கோயிலில் பங்கு உள்ளவரைக் கரைகாரர் என்கிற ஊர்கள் உண்டு. ஆழ்ந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் வேர் 'கரு' என்றே படுகிறது. நனைந்த ஆற்றோர மண் கறுத்துத் தெரியும், அதனாலேயே கரை. கார், கரி, கரிசல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதுபற்றி ஒரு கட்டுரையே எழுதி வைத்திருக்கிறேன், இணைக்கிறேன்.

புதுவயலிலிருந்து:
கரை என்றாலே கறுத்தது என்றால், கருங்கரை 'கறுப்புக் கறுப்பு' ஆகிவிடாதா ஐயா?

(இரண்டு நாள் மடல் இல்லை.)

கோட்டையூரிலிருந்து:
அண்ணன்மார்கள் சண்டையை வாசித்துக்கொண்டே இருந்தேன். பட்டியலில் என்னென்ன படங்கள் என்று யாராவது பார்த்தீர்களா? முதல் படமே நாம் இருவர், 1947. இதே காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். எடுத்தது. அந்தக் காலத்துப் படச்சட்டம் 1.37:1, பழைய டிவியில் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அப்படியானால் அம்மானுடைய தமிழ்ப் படங்களில் மேலும் கீழும் கறுப்பு எங்கிருந்து வரும்? இன்றைய 16:9 டிவியில் அவற்றுக்கு இடமும் வலமும்தான் கறுப்பு விழும். நாலு வெள்ளைக்காரப் படங்களுக்குச் சொல் தேடிக்கொண்டு, நம் படத்துக்கு வேண்டிய சொல்லை விட்டுவிட்டோம்.

கண்டாங்கியை விரித்துப் பாருங்கள். நீளவாட்டில் மேலும் கீழும் ஓடுவது கரை. குறுக்கே முடிகிற இடம் முந்தி. மேல் கீழ் கறுப்புக்குக் கரை, பக்கத்துக் கறுப்புக்கு முந்தி. முடிந்தது. எங்கள் ஊர் ரோஜா முத்தையா பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சொல் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் பாதியைக் கரையான் தின்றிருக்கும். (இதிலும் ஒரு கரை இருக்கிறது. ஐயா தயவுசெய்து தொடங்க வேண்டாம்.)

கானாடுகாத்தானிலிருந்து:
ஆச்சி சொன்னது முழுக்க உண்மை, எனக்குத்தான் உறைக்கவில்லை. நேற்று இரவு சந்திரலேகா (1948) முரசு நடனத்தைப் போட்டு, பக்கத்துக் கறுப்பு போக டிவியில் திரை நிரப்பும் பொத்தானை அழுத்தினேன். உயரத்தில் நூற்றுக்கு 23 பங்கு போய்விட்டது. முரசின் மேல் ஆடுகிறவர்களுக்குத் தலை இருந்தால் கீழே இருப்பவர்களுக்குக் கால் இல்லை. எந்த வட்டில் படம் முழுதாக இருக்கிறது, எதில் வெட்டியிருக்கிறார்கள் என்றும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் போலிருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
முந்தி பொருந்தாது. ஒரு புடவைக்கு ஒரு முந்திதான். படத்துக்கு இரண்டு பக்கம். ஆங்கிலத்தில் இதற்கும் தபால்பெட்டிதான்; பில்லர்பாக்ஸ் என்பார்கள், தெருவில் தூணாக நிற்கும் சிவப்புப் பெட்டி. பெட்டியை விட்டுத் தூணை எடுத்துக்கொள்வோம். இரண்டு தூண்களுக்கு நடுவே முற்றத்தைப் பார்ப்பதுபோலப் படம் தெரிகிறது. 'இருதூண்' என்க.

கோட்டையூரிலிருந்து:
தூண் வீட்டைத் தாங்கும். இந்தக் கறுப்பு எதைத் தாங்குகிறது?

கானாடுகாத்தானிலிருந்து:
இன்று வியாழன். எண்ணிப் பார்த்தேன். கரை என்ற சொல்லை மூவர் ஏற்கிறார்கள், டொராண்டோ அன்பர் மறுக்கிறார். தூணுக்கு ஒருவர், முந்திக்கு ஒருவர், பட்டைக்கு ஒருவர். அச்சகத்துக்கு 'மேல்கீழ்க் கரை', 'பக்கக் கரை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யாருக்கும் முழு மனநிறைவு இருக்காது, எனக்கும்தான்.

தேவகோட்டையிலிருந்து:
அச்சேறிவிட்டதால் மட்டும் அது கலைச்சொல் ஆகிவிடாது. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.

புதுவயலிலிருந்து:
ஒரு வேலைச் செய்தி. கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள். அது உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை வந்து துடைத்துத் தருகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
பூசணமா, பூஞ்சணமா?