பையன் குடும்ப ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா?

பாளை_அப்பா:
எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, பைபிளில் ஒரு அதிகாரம், பிள்ளைகள் ஆளுக்கொரு மனப்பாட வசனம், அப்புறம்தான் சாப்பாடு. எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. போன வாரம் மகன், "எனக்கு ஜெபிக்கத் தோணல. கண்ண மூடிக்கிட்டு நடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டான். அப்படியென்றால் சாப்பாடும் இல்லை என்றேன். சாப்பிடாமலே படுத்துவிட்டான். மனைவி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்றுதானே நீதிமொழிகள் 22:6 சொல்கிறது? நான் செய்தது தப்பா?

தாமிரபரணிக்காரன்:
சாப்பாட்டை நிறுத்தியது கொஞ்சம் அதிகம் அண்ணாச்சி. மற்றபடி தப்பே இல்லை. பல் தேய்க்கத் தோணவில்லை என்றால் விட்டுவிடுவோமா? பள்ளிக்கூடம் போகத் தோணவில்லை என்றால்? ஜெபம் என்று வந்தால் மட்டும் "வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும்" என்கிறோம். சபைச் சீர்திருத்தவாதி லுத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் (விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் புத்தகம்) எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எப்படி எளிமையாகச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் அதன் பகுதிகளுக்குத் தலைப்பே போட்டார். ஐயர்மார், அதாவது சபைப் போதகர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று விடவில்லை. ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) என்பதே பிறகு வந்தது. 1780-ல் இங்கிலாந்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள் எழுதப் படிக்க. நாம்தான் வீட்டு வேலையை அதன் தலையில் கட்டிவிட்டோம்.

முழங்கால்_வலி:
நான் அப்படி "நடத்தப்பட்ட" பிள்ளை. சிவப்பு சிமெண்ட் தரை, முழங்கால், தாத்தா வாசிக்கும் லேவியராகமம் (பைபிளில் பலி, சட்டதிட்டம் பற்றிய புத்தகம்). அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தாத்தா ஜெபிக்கும்போது, "ஆண்டவரே, கணக்குப் பாடத்தில் குறைந்த மார்க் வாங்கின இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார். பக்கத்தில் சித்தப்பா பிள்ளைகள் சிரிப்பை அடக்குவார்கள். அது ஜெபமா, வசவா? ஆண்டவரும் தாத்தா கட்சி என்று முடிவு செய்துவிட்டேன். கல்லூரிக்குப் போனபின் பத்து வருஷம் கோயில் (சர்ச்) பக்கமே போகவில்லை.

அப்புறம், அந்த வசனம் "அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்று முடிகிறதே, நீதிமொழிகளில் இருப்பது உத்தரவாதச் சீட்டு இல்லை, வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்ன அனுபவம். தீர்க்கதரிசி சாமுவேலைவிட ஒழுங்கான தகப்பன் உண்டா? அவருடைய குமாரர்கள் அவர் வழியில் நடக்கவில்லை என்று 1 சாமுவேல் 8:3 பச்சையாகவே சொல்கிறது.

தாமிரபரணிக்காரன்:
அதே புத்தகத்தில் ஐந்து அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். ஆசாரியன் ஏலி தன் குமாரர்களை அடக்கவில்லை என்பதற்காகத்தான் அவன் வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வந்தது, 3:13. கண்டிப்பு கூடிப்போனதற்காக அல்ல.

முழங்கால்_வலி:
ஏலியின் மகன்கள் பலி கொடுக்க வந்தவர்களின் இறைச்சியைப் பறித்த வளர்ந்த ஆசாரியர்கள் ஐயா. நடிக்கமாட்டேன் என்று உண்மையைச் சொன்ன ஏழாம் வகுப்புப் பையனை அவர்களோடு சேர்க்காதீர்கள். எனக்கென்னவோ அந்த வீட்டில் அன்று ராத்திரி ஆண்டவருக்கு முன்னால் பொய் சொல்லாத ஆள் அவன் ஒருவன்தான்.

நாசரேத்_மகள்:
நீங்கள் இரண்டு பேரும் எட்டு மணியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மீதி நேரம்?

எங்கள் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மிசோரமில் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் இதை 1910-லேயே ஆரம்பித்து, இன்றைக்கும் சபை ஊழியத்துக்கே அந்த அரிசி கைகொடுக்கிறது. அதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாசக் கடைசியில் எங்களுக்கே அரிசி இழுபறியாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறையாது. யாரும் எனக்கு அதை விளக்கவில்லை. இப்போது என் மகள் டப்பாவில் போடுகிறாள், பாதி கீழே சிந்துகிறது.

ஜெபம் முடிந்த கையோடு சாப்பாட்டு மேஜையில் ஐயரின் பிரசங்கத்தைக் கிழிப்போம், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைப்போம். பிள்ளைகள் இதையும் மனப்பாடம் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஞாயிறு காலை ட்யூஷனுக்கு அனுப்பி, ஆராதனையை யூடியூபில் பார்த்துக்கொள் என்கிறோமே, எது முக்கியம் என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது. திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகும் சடங்கு) எடுத்த கையோடு பிள்ளைகள் காணாமல் போவதற்கு நான் மொபைலைக் குறை சொல்லமாட்டேன்.

பாளை அண்ணாச்சிக்கு ஒன்று. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா 19 பிள்ளை பெற்றவர். அத்தனை வேலையிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கிப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமையைச் சொல்லி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகனுக்கு எந்தக் கிழமை?

தாமிரபரணிக்காரன்:
அக்கா, பாதிக் கதையைச் சொல்லிவிட்டீர்கள். அதே சூசன்னா, பிள்ளைகளை ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வியாழக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டு பிரம்பை விட்டுவிட்டால் எப்படி?

நாசரேத்_மகள்:
சரி, அது எனக்கும் தெரியும். எடுத்துக்கொள்ள வேண்டியதைத்தான் எடுத்தேன். ஜான் கடிதத்தில் கேட்டதும் வியாழக்கிழமையைத்தான், பிரம்பை அல்ல.

கலப்பு_வீடு:
என் கணவர் இந்து. எட்டு மணி ஜெபமெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காத காரியம். படுக்கும்போது மகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஒரு நிமிஷ ஜெபம், அவ்வளவுதான். இது போதாது என்று எனக்கே குற்ற உணர்ச்சி உண்டு. போன மாதம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தாத்தா பரலோகத்துக்கு வருவாங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பாவின் அப்பா, முருக பக்தர். சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் ஹாரன். "எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா ஆண்டவருக்குத் தாத்தாவ நம்மளவிட நல்லாத் தெரியும்" என்றேன். பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6:7-இல் "வழியில் நடக்கிறபோதும்" என்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தாமிரபரணிக்காரன்:
சகோதரி, மன்னிக்கவும். அந்தப் பதில் உபதேசப்படி சரியில்லை. அதே வசனத்தில் "உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும்" என்பதுதான் முதலில் வருகிறது. உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால்தான் வழியில் சொல்ல ஏதாவது இருக்கும்.

முழங்கால்_வலி:
என் தாத்தா மட்டும் ஒரே ஒரு தடவை "எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருந்தால், அந்தப் பத்து வருஷத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

நெறியாளர்:
யார் பரலோகம் போவார்கள் என்பதற்குத் தனித் திரி இருக்கிறது, 40 பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேண்டாம்.

பாளை_அப்பா:
எல்லாவற்றையும் படித்தேன். எபேசியர் 6:4-ஐ எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், "கோபப்படுத்தாமல்" என்ற வார்த்தை பிதாக்களுக்குச் சொன்னது என்பதை அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். நேற்று மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத நாளைக்கு ஜெபத்துல சத்தமா சொல்லுவீங்களா?" என்றான். முழங்கால்_வலி சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லமாட்டேன் என்றேன்.

எட்டு மணி ஜெபம் தொடரும், அதில் மாற்றமில்லை. ஆனால் பத்து நிமிஷம்தான், சாப்பாட்டுக்குப் பிறகு. வசனம் சொல்லலாம், சும்மாவும் உட்காரலாம், கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கீர்த்தனைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன் என்று அவனாகவே சொன்னான். வாசிப்பு கொஞ்சம் சினிமாப் பாட்டு மாதிரிதான் போகிறது.

தாமிரபரணிக்காரன்:
நல்லது அண்ணாச்சி. ஆனால் பத்து நிமிஷம் நாளைக்கு ஐந்தாகும், ஐந்து கிறிஸ்மஸுக்கு மட்டும் என்றாகும். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நாசரேத்_மகள்:
ட்யூஷன் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

பாளை_அப்பா:
அவன் பத்தாம் வகுப்புக்கு வர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே அக்கா. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று…

நாசரேத்_மகள்:
எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம்.