முகம் காட்டாமல் கணக்குக் காட்டுவது எப்படி? உதவி தேவை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் மட்டக்களப்பில் ஒரு சிறிய சபையின் வாலிபர் குழுவில் இருக்கிறேன்.

போன மாரி வெள்ளத்தில் வாகரைப் பக்கம் உலர் உணவுப் பொதி கொடுக்கப் போனோம். வரிசையில் நின்ற ஒரு அம்மம்மா பொதியை வாங்கும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்தார். "அம்மம்மா, ஒருக்கா இஞ்ச பாருங்க" என்று போனைத் தூக்கினேன். பார்த்தார். படத்தைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டு இரவு முழுக்க லைக் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மத்தேயு 6ஆம் அதிகாரம் குத்தியது. மனுஷர் புகழ வேண்டுமென்று தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்கிறார் இயேசு. கிரேக்க மூலத்தில் அங்கே உள்ள சொல், பணம் முழுதாகக் கிடைத்தது என்று அந்தக் காலப் பற்றுச்சீட்டுகளில் எழுதிய சொல். என் கூலியும் அந்த லைக்குகளோடு தீர்ந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

சரி, இனிப் படமே வேண்டாம் என்று குழுவில் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்கள் ஆதாரம் கேட்பார்களே என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். எருசலேம் விசுவாசிகளுக்கான காணிக்கை விஷயத்தில் அப்போஸ்தலன் பவுலும் கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவே கவனமாயிருந்தார் (2 கொரிந்தியர் 8:20-21).

உங்கள் சபைகளில் எப்படிச் செய்கிறீர்கள்? கடைப் பற்றுச்சீட்டும் கிராம சேவகரின் கையொப்பமும் போதுமா? வாங்கியவர்களின் முகம் தெரியாமல் அறிக்கை எழுதியவர்கள் இருந்தால் மாதிரி ஒன்று அனுப்புங்கள்.

படத்தை அழித்துவிட்டேன். அந்த அம்மம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா, அது அவரை இன்னும் சங்கடப்படுத்துமா? மார்கழி மழைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.