ரேஷன் அரிசியில் இட்லி மெத்தென்று வர வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். போன மாத மளிகைக் கணக்கைக் கூட்டினால், பாக்கெட் இட்லி மாவுக்கு மட்டும் ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கிறது! ரேஷனில் இலவசமாக வாங்கிய புழுங்கலரிசியோ டிரம்மில் தூங்குகிறது.

அதனால் நானே அரைத்தேன். நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், நான்கு மணி நேர ஊறல். மாவு பொங்கித்தான் வந்தது. இட்லி மட்டும் தட்டையாக, தட்டில் போட்டால் 'டக்'கென்று சத்தம் வருகிறது. சின்னவன் அதை வைத்துக் கேரம் விளையாடலாமா என்று கேட்கிறான். மிக்ஸி சூட்டில் உளுந்து கெட்டுவிடுகிறதா? அரிசியை இன்னும் நேரம் ஊறவைக்க வேண்டுமா? கடை இட்லி அரிசியைப் பாதி கலந்தால் போதுமா? ஆப்ப சோடா மட்டும் வேண்டாம், மாமியாருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. ரேஷனில் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோதான், 30 ரூபாய். அது இருபது நாள்கூட வருவதில்லை. பாசிப்பருப்பு கலந்து, பரங்கிக்காயைக் குழைய விட்டுச் சாம்பாரைக் கெட்டியாக்கிப் பார்த்தேன். இனிக்கிறது என்று ஒருவரும் தொடவில்லை. பருப்பே இல்லாமல் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும் குழம்பு உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? அளவோடு எழுதினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாவு அரைக்கிறேன், அதற்குள் சொல்லுங்கள்.