அடாப்டர் முதல் வாரத்துக்கு, அப்புறம் ஒயரை மாற்றுங்கள்

புதிதாக வெளிநாடு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த அடாப்டர் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: அதில் எதைச் சொருகப் போகிறீர்கள்? போன், லேப்டாப் மட்டும் என்றால் ஐந்து நிமிடப் பேச்சு. அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஹேர் டிரையர் என்று பட்டியல் நீண்டால் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். வோல்டேஜைத் தொடவே தொடாது. சுவரில் 120 வோல்ட் வந்தால் உங்கள் சாமானுக்கும் 120தான் போகும். வோல்டேஜை மாற்றித் தருவது டிரான்ஸ்ஃபார்மர். அது வேறு பொருள், கனமும் அதிகம்.

எனவே பெட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு சார்ஜரையும் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். படிக்க முடியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், அடாப்டர் மட்டும் போதும். இப்போதைய போன், லேப்டாப் சார்ஜர்கள் அநேகமாக இப்படித்தான் வருகின்றன. 220–240 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் பிரிட்டன், ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, துபாய், ஆஸ்திரேலியா எங்கும் பிரச்சினை இல்லை. அங்கெல்லாம் ஏறக்குறைய 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், ஜப்பானில் 100. அங்கே அந்தச் சாமான் திணறும். வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். 1000 வாட் கெட்டிலை 120 வோல்டில் சொருகினால் 270 வாட் அளவுதான் வேலை செய்யும். தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இதன் எதிர்த்திசைதான் ஆபத்து. 120 வோல்டுக்கு மட்டும் செய்த ஹேர் டிரையரை 230 வோல்டில் சொருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சூடு ஏறிக் கருகிவிடும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குக் கிளம்பும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது வடிவம். பிளக் வகைகளுக்கு ஏ முதல் ஓ வரை எழுத்துப் பெயர் உண்டு, மொத்தம் 15. எல்லாம் தெரிய வேண்டியதில்லை, போகிற நாட்டின் எழுத்து தெரிந்தால் போதும். மூன்று தடித்த செவ்வகப் பின் உள்ளது ஜி: பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகம். தட்டையான இரண்டு பின் ஏ, அதோடு உருண்டையான எர்த் பின் சேர்ந்தால் பி: அமெரிக்கா, கனடா. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சாய்ந்த தட்டைப் பின் கொண்ட ஐ. இந்தியாவில் உருண்டையான மூன்று பின் கொண்ட டி, ஏசி மாதிரி பெரிய லோடுக்கு அதைவிடப் பெரிய எம்.

ஐரோப்பாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 'ஐரோப்பா அடாப்டர்' என்று ஒன்றே ஒன்று கிடையாது. ஜெர்மனியின் சாக்கெட் எஃப் வகை, ஷூக்கோ என்பார்கள். சுவருக்குள் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் குழிந்திருக்கும். நான் கொண்டுபோனது சதுரக் கட்டி மாதிரி ஒரு 'யுனிவர்சல்' அடாப்டர். அதன் நான்கு மூலைகளும் குழியின் விளிம்பில் முட்டிக்கொண்டன. பின்னின் நுனி மட்டும் உள்ளே தொட்டுக்கொண்டிருந்தது. லேப்டாப் சார்ஜ் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். கடைசியில் அதன் எடையே அதைச் சுவரிலிருந்து இழுத்துக் கீழே போட்டது. ஜெர்மனிக்கு வட்ட உடம்புள்ள அடாப்டர்தான் வேண்டும். பிரான்ஸில் எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு அடாப்டரில் துளை வேண்டும். பக்கவாட்டில் உலோகப் பட்டையும் நடுவே அந்தத் துளையும் உள்ள அடாப்டர் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் தனித்தனி வடிவம் உண்டு. மெல்லிய இரண்டு பின் பிளக் மட்டும் இந்த நான்கு நாட்டிலும் நுழைந்துவிடும்.

யுனிவர்சல் அடாப்டர் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பல மாடல்களில் மூன்று பின் பிளக்கைச் சொருகலாம், ஆனால் எர்த் பின் போய் உட்காருவது வெறும் பிளாஸ்டிக் துளையில். உலோக உடம்புள்ள லேப்டாப்பில் விரலை லேசாக ஓட்டிப் பாருங்கள். மெல்லிய அதிர்வு மாதிரி தெரிந்தால் எர்த் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லேப்டாப்புக்கு அது தொந்தரவோடு போகும். அயர்ன் பாக்ஸுக்கும் கெட்டிலுக்கும் எர்த் என்பது உயிர் காக்கிற விஷயம். அவற்றை எர்த் இல்லாத அடாப்டரில் தயவுசெய்து போடாதீர்கள்.

ஆம்ப் கணக்கையும் பாருங்கள். அடாப்டரில் 6 ஆம்ப் என்று எழுதியிருந்தால், 230 வோல்டில் அது தாங்குவது 1380 வாட். நான் அதில் 2000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டேன். சட்டையின் இரண்டாவது கையைத் தேய்க்கும்போது பிளாஸ்டிக் வாடை. சுவிட்சை அணைத்து, ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையம். இன்னும் பத்து நிமிடம் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சரி, குடியேற வந்தவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். சுற்றுலாப் பயணிக்குத்தான் அடாப்டர் முழுத்தீர்வு. நீங்கள் வருடக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள். மாதக்கணக்கில் ஓர் அடாப்டர் சுவரில் தொங்கினால் நாளாக நாளாகப் பிடி தளர்ந்து சூடேறும். லேப்டாப் சார்ஜரை எடுத்துப் பாருங்கள்: சுவருக்குப் போகும் ஒயர் அநேகமாகத் தனியாகக் கழன்றுவரும். கழன்ற முனையில் மூன்று இலை மாதிரித் துளை இருக்கும், அல்லது எட்டு வடிவத்தில் இரண்டு துளை. அதே முனை, மறுபக்கம் உள்ளூர் பிளக் உள்ள ஒயரை எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள். பழைய ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். மானிட்டர், பிரிண்டருக்கும் இதே வழி. எர்த்தும் ஒழுங்காகக் கிடைக்கும், பிரிட்டனாக இருந்தால் பிளக்குக்குள் சரியான ஃபியூஸும் இருக்கும். போனுக்கு உள்ளூர் யுஎஸ்பி சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

மிக்ஸியை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ தூக்கிப் போகிறவர்களுக்கு: டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் மிக்ஸியின் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும், அது சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டர், டேபிள் ஃபேன் போன்றவற்றின் மோட்டார் 50க்குப் பதில் 60 ஹெர்ட்ஸ் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும். அமெரிக்க வோல்டேஜுக்கென்றே செய்த, 110 வோல்ட் என்று விற்கிற மிக்ஸி கிடைக்கிறது, அதையே வாங்கிவிடுங்கள்.

பிரிட்டன் குளியலறையில் இரண்டு பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அது ஷேவருக்கு மட்டும், ஹேர் டிரையர் போட முடியாது.

கிளம்பும்போது அடாப்டர் ஒன்று, சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டி தாமதமானாலும் அன்று ராத்திரி எல்லா போனும் சார்ஜ் ஆகும். அந்தப் பாக்ஸில் சார்ஜர்கள் மட்டும். வீட்டில் யாராவது தூக்கத்தில் மூச்சு உதவிக் கருவி போட்டுக்கொள்பவர் என்றால் அதற்கு எர்த் உள்ள தனி அடாப்டர் ஒன்றும், உபரியாக இன்னொன்றும் அந்தக் கருவியின் பையிலேயே வையுங்கள்.