எந்த ஷாஃப்ட், எந்த லெவல்? தங்கவயல்காரர்களின் ஏர்பிளாஸ்ட் கதைகள்

சாம்பியன் ரீஃப், இப்போது ஓசூர்

வெளியூரில் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் என்று சொன்னாலே சினிமாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு ஊர் என்றதும் ஞாபகம் வருவது ஏர்பிளாஸ்ட். கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அலமாரிப் பாத்திரம் உருண்டு விழும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே மேலிருந்து அழுத்துகிற பாரம் தாங்காமல், தாது வெட்டியெடுத்த வெற்றிடத்துக்குள் பாறை தெறித்து விழும். இது வளர்ந்த பிறகு படித்தது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது அம்மாவின் முகம்தான்.

நடுக்கம் வந்ததும் அம்மா முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பா இந்நேரம் மேலே வந்திருப்பாரா, கீழே இருப்பாரா என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அப்புறம் வாசலுக்கு வருவார். அதற்குள் மொத்த லைனும் தெருவில் நிற்கும். "எந்த ஷாஃப்ட்? எந்த லெவல்?" என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. ஷாஃப்ட் என்றால் ஆட்கள் இறங்குகிற சுரங்கக் குழி, லெவல் என்றால் அதில் எத்தனையாவது ஆழத் தட்டு என்பது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் பதில் தெரியாமல் யாரும் உள்ளே போக மாட்டார்கள். பக்கத்து லைன் பெண்கள் சிலர் ஷாஃப்ட் வாசலுக்கே ஓடிவிடுவார்கள்.

அப்பா பத்திரமாக வீடு திரும்பியதும் அம்மா திட்ட ஆரம்பிப்பார், என்னமோ அவர்தான் பூமியை ஆட்டிவிட்டு வந்தது போல. அவரும் பதில் பேசாமல் வெந்நீர் போடச் சொல்வார்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

மாரிகுப்பம்

எங்கள் வீட்டில் ஏர்பிளாஸ்டை விட வெக்கைக் கதைதான் அதிகம். ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்புவார்கள், ஆனாலும் தாத்தா சட்டையைப் பிழிந்து பிழிந்துதான் போட்டுக்கொள்வாராம்.

அவர் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். இந்த ஊருக்கு வந்த பலரும் அந்தப் பக்கம்தான். ஊரில் கூலியாக நடத்தப்பட்டவர்கள் இங்கே வந்து மாதச் சம்பளம் பார்த்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு எங்கள் மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சுரங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஊரின் பாதிக் கதை அதில்தானே இருக்கிறது!

தாத்தா சொன்ன இன்னொன்று. பம்பாயிலிருந்து விஞ்ஞானிகள் வந்து சுரங்கத்துக்குள் கருவிகளை வைத்தார்களாம். வானத்திலிருந்து வருகிற எதையோ பிடிக்கப் போவதாகப் பேச்சு. "வானத்துல வர்றதைப் பிடிக்க மொட்டை மாடிக்கில்ல போகணும், இவங்க ஏன் பூமிக்குள்ள போறாங்க?" என்று ஷிஃப்டில் ஒரே சிரிப்பாம். அவர் கதை விடுகிறார் என்றுதான் நாங்களும் நினைத்தோம். கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது, 1965-ல் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் தடயம் இங்கே கிடைத்தது என்று. மற்ற கதிர்கள் பெரும்பாலும் பாறையிலேயே நின்றுவிடும், நியூட்ரினோ தடையில்லாமல் தாண்டி வரும். ஆழம் தேவைப்பட்டது அதற்குத்தான். தெரிந்த பிறகு அவரிடம் சொல்ல அவர் இல்லை.

ராபர்ட்சன்பேட்டை

நாங்கள் சுரங்கக் குடும்பம் இல்லை, மளிகைக் கடை. அதனால் எனக்கு ஏர்பிளாஸ்ட் என்றால் கண்ணாடி ஜாடி. சத்தம் கேட்டதும் அப்பா இரண்டு கையாலும் மிட்டாய் ஜாடிகளைப் பிடித்துக்கொள்வார். என் வேலை எண்ணெய் டின்.

கடன் நோட்டில் ஆள் பேருக்குப் பக்கத்தில் ஷாஃப்ட் பேரும் எழுதியிருக்கும், ஒரே பேரில் ஏழெட்டுப் பேர் இருந்ததால். சம்பளத் தேதியில் இரவு வரை கடை திறந்திருக்கும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது அந்த நோட்டில் இருந்த பாக்கியை அப்பா யாரிடமும் கேட்கவில்லை. நல்ல மனசு என்று சொல்ல மாட்டேன், கேட்டிருந்தாலும் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பெரியவர் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய், மாதாமாதம் ஊருக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மொத்தத்தையும் தீர்த்தார். கடைசித் தவணையன்று அப்பா அவருக்கு வாங்கிக் கொடுத்த டீக்கும் காசு கொடுக்கப் பார்த்தார் மனுஷன்!

கோரமண்டல், தினமும் பெங்களூர்

நான் கொஞ்சம் சின்ன ஆள். சுரங்கம் மூடும்போது எனக்கு ஐந்து வயது. ஆனால் ஏர்பிளாஸ்ட் எனக்கும் தெரியும். பம்புகளை நிறுத்தியதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அதற்குப் பிறகும் சில வருடம் அவ்வப்போது பூமி நடுங்கும். அப்படி ஒரு ராத்திரி எங்கள் லைனில் எல்லோரும் வெளியே வந்தபோது, எதிர்வீட்டு ஆயா தூக்கக் கலக்கத்தில் "எந்த ஷாஃப்டு?" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டுக்காரர் நெஞ்சில் கல்தூசி படிந்து இருமி இருமியே போனவர்.

இப்போது எங்கள் தலைமுறைக்கு ஷாஃப்டும் கிடையாது, லெவலும் கிடையாது, ரயில்தான். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ஏறினால்தான் உட்கார இடம். ஆடி மாதம் என்றால் மூக்கை மூடிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், சயனைட் மேட்டு மண் அப்படிப் பறக்கும். தாது அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு அது, குன்று குன்றாக நிற்கிறது. துவைத்துப் போட்ட துணியை மறுபடி துவைக்கச் சொல்லும்போது அம்மா அந்த மேட்டைப் பார்த்துத் திட்டுவார். எங்கள் வீட்டில் திட்டு வாங்குவது மண்தான், அப்பா தப்பித்தார்.

ராபர்ட்சன்பேட்டை அண்ணே, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? எங்கள் தாத்தாவும் உங்கள் பக்கம்தான் மளிகை வாங்குவார், கடன் வைக்காத ஆள் இல்லை. பேர் இருந்தால் சொல்லுங்கள், பொங்கல் லீவில் வந்து தீர்த்துவிடுகிறேன். வட்டி மட்டும் கேட்காதீர்கள்.