புதுப்பிப்பு: பென்னாகரம் வீட்டுக் கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவு

மழைக்குப் பின் எங்கள் கிணற்று நீரில் சேற்று வாடை வீசுவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பரிசோதனை முடிவு வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈ.கோலை கிருமி இருக்கிறது. ஃபுளோரைடோ லிட்டருக்கு 2.1 மில்லிகிராம், அதாவது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பான 1.5-ஐத் தாண்டிவிட்டது. ஃபுளோரைடு மிகுந்தால் பற்களில் வரும் பழுப்புக் கறையை எங்கள் தெருவில் உள்ள பிள்ளைகளிடம் தினமும் பார்த்தும், நிறமோ மணமோ இல்லாத ஃபுளோரைடை நான் நினைக்கவே இல்லை.

ஆளை இறக்கிப் பார்த்ததில், துணி துவைக்கும் கல் இருக்கும் பக்கம், இரண்டு உறைகள் சேருமிடத்தில் விரல் நுழையும் விரிசலும், அதன் கீழே அழுக்கு நீர் வழிந்த கருந்தடமும் தெரிந்தன. அதைச் சிமெண்ட்டால் அடைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, நீரை இறைத்துவிட்டு, மறுபரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொதிக்கவைத்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: கிருமிக்குப் போதும்; ஃபுளோரைடோ போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் இனி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரி நீர்தான்.