மின்கட்டணத்தைக் குறைத்த வீட்டு உத்திகள்: உங்கள் அனுபவம் என்ன?

மேல்மாடிக்காரர், சென்னை:

எங்களுடையது கடைசி மாடி வீடு. மே மாதத்தில் வெயில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தொல்லையே தொடங்கும். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவு நெடுநேரம் வரை சூட்டை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அதை அப்படியே தலையில் இறக்கும். இன்னொரு ஏசி வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அப்போது கைப்பிடிச் சுவர் பூச வந்திருந்த மேஸ்திரி, "அந்தக் காசுக்குப் பல வருஷம் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமே சார்" என்றார்.

அவரையே அடிக்கச் சொன்னேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் புகைந்து அடங்கியது. இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சாக்குத் துணியில் வடிகட்டிப் பசை கலந்தார். பசை சேராவிட்டால் நடக்க நடக்கக் காலோடு வந்துவிடுமாம். வெயில் ஏறும் முன் தளத்தை நனைத்து, சுண்ணாம்பு மட்டையால் முதல் பூச்சை வடக்கு தெற்காக இழுத்தார். காய்ந்ததும் அடுத்தது கிழக்கு மேற்காக. ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை, காய்ந்த பிறகுதான் வெளுப்பு. உச்சிவெயிலில் என் மனைவி அங்கே செருப்பில்லாமல் நின்று வடகம் பிழிந்தார். கண்தான் கூசியது.

இப்போது இரவில் ஏசியை 26-இல் வைத்து, விசிறியை மெல்ல ஓடவிட்டால் போதுமானதாக இருக்கிறது. 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும்; நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழை பூச்சைக் கரைத்துவிடுவதால் ஆண்டுதோறும் மார்ச்சில் மறுபடி அடிக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர்கள் வெள்ளை ஓடு பதித்துவிடுவது நல்லது.

மதுரைவாசி:

எங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி அருமையான பொருள். மேற்கு ஜன்னலில் கட்டி, மதியம் தண்ணீர் தெளித்தால் உள்ளே வரும் காற்றே வேறு. அதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் என் தம்பியும் கட்டினான். வாசம் வந்தது, குளிர்ச்சி வரவில்லை. தட்டியில் உள்ள நீர் ஆவியானால்தான் காற்று குளிரும். கடற்காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஏர் கூலருக்கும் இதே கதைதான். கடையில் சொல்ல மாட்டார்கள்.

இல்லத்தரசி, திருச்சி:

மாமியாரிடம் கற்றது இது. அரிசி தளதளவென்று கொதித்துச் சில நிமிடங்களானதும் பானையை அப்படியே சூடாறாப் பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிடுவார். குளித்து, பூஜை முடித்து வந்து கஞ்சி வடித்தால் சோறு பதமாக இருக்கும். கொதி வந்த பிறகு எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாவதில்லை, ஆவியாகத்தான் போகிறது. புழுங்கல் அரிசியென்றால் கூடுதலாகக் கொதிக்க வேண்டும். கொண்டைக்கடலையை இதில் முயல வேண்டாம், குக்கரே சரி.

கோவைக்காரர்:

எங்கள் வீட்டில் மாற்றம் வந்தது தினசரி நாட்காட்டியால். கிழிக்கும் தாளின் பின்புறம் மீட்டர் எண்ணைக் குறித்துவிட்டுத்தான் காபி. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் கைவிட்டுப் போகிறது. இதை அப்பாவுக்கு விளக்கிய நாளிலிருந்து, டிவியை அணைத்தாலும் சூடாகவே கிடந்த செட்டாப் பாக்ஸின் சுவிட்சை அவரே அணைத்துவிட்டுப் படுக்கிறார்.

பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி விசிறி (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதுவகை மோட்டார் விசிறி) 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கிறது. நாள் முழுக்க ஓடும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறை காத்திருக்கலாம். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் சிலர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு விசிறி முனகுகிறது என்று கம்பெனிக்காரனைத் திட்டுகிறோம்.